பெரிய வேஷம்

மைசூரு ஹெப்பாள் தொழிற்சாலையில் தசரா நாடகம், மகிஷாசுர வதம். "எனக்குத்தானுங்க பெரிய வேஷம்" என்று சொர்ணலதா சொன்னதுதான் தாமதம், பழனி சிவப்புப் பட்டுச்சேலையே வாங்கிவிட்டான். "என் சம்சாரந்தான் சாமுண்டி!" என்று தெருவையே திரட்டிவந்து முன்வரிசையில் உட்கார்ந்தான்.

திரை விலகியது. சிங்கத்தின் மேல் சாமுண்டியாக வேறு யாரோ! முறுக்கு மீசையோடு கர்ஜித்து, சூலம் பட்டுச் சரிந்த மகிஷன்தான் சொர்ணலதா. அரங்கமே கைதட்டியது, பழனிக்கு மட்டும் முகம் தொங்கிப்போனது.

நாடகம் முடிந்ததும் வேஷத்தோடே ஓடிவந்தாள்.

"ஏம்புள்ள, போயும் போயும் தோத்துப்போறவன் வேஷமா?"

அவள் நெஞ்சில் தட்டிக்கொண்டாள். "ஜெயிச்ச சாமுண்டி பேரு மலைக்குத்தானுங்க. தோத்தாலும் இந்த மகிஷன் பேருதானுங்க மைசூருக்கே!"

பழனி பெருமையாக மீசையை முறுக்கிவிட்டான். அவள் மீசையை.