அடைப்பு

லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தவன், அந்தக் குரலைக் கேட்டதும் கையை நிறுத்தினான்.

சங்ககிரி முதலாளியின் குரல்.

வண்டி பட்டறைக்குள் நுழைந்தபோதே அவனுக்குச் சந்தேகம். முகப்பில் புதுப் பெயிண்ட், புதுப் பெயர். ஆனால் கேபினுக்கு அடியில் அவன் முறுக்கிக் கட்டிய கம்பி அப்படியே இருந்தது. வருஷக்கணக்கில் அவன் ஓட்டிய வண்டி.

முதலாளி காரில் பின்னாலேயே வந்திருந்தார். லாரியை ஓட்டி வந்தவன் அவருடைய அக்கா மகன். வெளியாளை நம்பக் கூடாது என்று இப்போது சொந்தத்திலேயே டிரைவர் வைத்திருக்கிறாராம். அப்படியும் டீசல் ரொம்பச் செலவாகிறதென்று பட்டறைக்காரர் காஜா பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வெளியாள் இவன்தான்.

அப்போதும் இதே கதைதான். வண்டி திடீரென்று டீசல் அதிகம் குடித்தது. தொப்பூர் மேட்டில் இழுவையே இல்லை. ஏதோ கோளாறு, பார்க்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சினான். முதலாளி காதில் வாங்கவில்லை. வழியில் டீசல் உறிஞ்சி விற்கிறான் என்றார். லாரிப்பேட்டை டீக்கடை முன்னால், நாலு பேர் பார்க்க, காலில் இருந்ததைக் கழற்றினார்.

அடியின் வலி அன்றைக்கே போய்விட்டது.

திருட்டுப் பேர் போகவில்லை. அதற்குப் பிறகு யாரும் அவனிடம் சாவி கொடுக்கவில்லை. பிள்ளையோடு அம்மா வீட்டுக்குப் போன மனைவி, நிஜமாகவே எடுத்தாயா என்று போனில் கேட்டாள்.

ஒரு தடவைதான் கேட்டாள்.

இப்போது அவன் நெஞ்சின் மேல் கன்வெர்ட்டர் கிடந்தது. புகைக்குழாயின் நடுவிலிருந்து கழற்றியது. புகையைச் சுத்தம் செய்கிற இரும்பு டப்பா. உள்ளே தேனடை மாதிரி பொடிப் பொடிக் கண்கள். அதைத் தூக்கி, ஒரு வாயை வெளிச்சத்துக்குக் காட்டி, மறு வாயில் கண்ணை வைத்தான்.

வெளிச்சம் சரியாக வரவில்லை.

கரி இறுகி முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்தது. புகை வெளியேற வழியில்லாமல் எஞ்சின் திணறியிருக்கிறது. திணறத் திணற டீசலைக் குடித்திருக்கிறது.

டீசல் திருடன் அவன் நெஞ்சின் மேல் படுத்திருந்தான்.

சிரிப்பு வந்தது. சத்தமில்லாமல் சிரித்தான்.

எழுந்து போய் இதை முதலாளியின் மூக்குக்கு நேரே நீட்டலாம். பார்ப்பார். அட, அப்படியா என்பார். புதுசு வாங்கிப் போடச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார்.

அவ்வளவுதானே.

காஜா பாய் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, என்ன கோளாறு என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல பாய். எல்லாம் சுத்தமா இருக்கு. டீசல் எங்க போகுதுன்னு ஓட்டுறவரத்தான் கேக்கணும்."

அவன் வேலையில் பாய்க்குச் சந்தேகமே கிடையாது. எழுந்து போய் அதை அப்படியே சொன்னார்.

அவன் டப்பாவை இருந்த இடத்தில் பொருத்தினான். நட்டுகளை நிதானமாக முறுக்கினான். அடியிலிருந்து பார்க்கக் கால்கள் மட்டும் தெரிந்தன. வேட்டிக் கரைக்குக் கீழே தோல் செருப்பு. எதிரே ரப்பர் செருப்பு.

தோல் செருப்பு ஒன்று தரையிலிருந்து மேலே போனது.

ரப்பர் செருப்பு நகரவில்லை. நான் தொடவே இல்லை மாமா என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. அடி விழுகிற ஒவ்வொரு சத்தத்தையும் அவன் ரசித்துக் கேட்டான். இனி அக்கா தம்பி முகத்தில் விழிக்க மாட்டாள். சொந்தமும் வெளியாள் ஆகட்டும். நாக்கின் அடியில் வெல்லம் கரைகிற மாதிரி இருந்தது.

முதலாளி சாவியைப் பிடுங்கினார். காருக்கு அப்புறம் ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுத் தானே லாரியில் ஏறினார். அவன் மறுபக்கமாக உருண்டு வெளியே வந்து மண்ணைத் தட்டினான்.

வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு மேட்டில் ஏறியது. நடந்து போகிறவன் முந்திவிடலாம். பின்னால் வந்தவர்கள் ஹாரனை அமுக்கினார்கள். இன்னும் கொஞ்சம் மேலே போனால் நின்றுவிடும். கொளுத்துகிற வெயிலில், முழுச் சரக்கோடு. அந்த ஆளுக்கு ஒரு நட்டைக் கழற்றத் தெரியாது.

வண்டி வளைவில் மறையும்வரை பார்த்தான். பிறகு குழாயடிக்குப் போய்க் கைக்குச் சோப்புப் போட்டான்.

பின்னால் யாரோ வந்து நின்றார்கள்.

அக்கா மகன். மீசை இன்னும் அடராத முகம். கன்னத்தில் செருப்பு வாரின் தடம் சிவப்பாகத் தடித்திருந்தது.

"ண்ணா, இனி வீட்டுக்குப் போக முடியாதுங்க. இங்க ஏதாச்சும் வேலை இருக்குங்களா?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அவன் அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று, குழாயடியில் இடம் விட்டான்.