இருபது வருஷ ஹிந்தி

“பூச்சோ மேடம், ஹிந்தி மே பூச்சோ. ஹம் சம்ஜாயேகா.”

ஹிந்தியிலேயே கேளுங்கள், மகளுக்கு நான் புரிய வைக்கிறேன் என்று பொருள். நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டேன். என் ஹிந்தி துறைமுகத்தில் கிரேன்காரர்களிடம் கற்றது. அதில் ஆண்பாலும் பெண்பாலும் ஒரே வீட்டில் குடியிருக்கும், மரியாதை கொஞ்சம் குறையும். சத்தம் மட்டும் குறையாது.

மேஜைக்கு அந்தப் பக்கம் ஹால்தார் மேடம், பெங்காலிக்காரர், ப்ளஸ் ஒன் சேர்க்கைக்குப் பொறுப்பு. முதலில் இங்கிலீஷில்தான் கேட்டார். உசிலம்பட்டியில் தமிழ் மீடியம் படித்த என் மகள் தமிழரசி “எஸ் மேம்” என்பதைத் தாண்டி நகரவில்லை. அதனால்தான் நான் நடுவில் புகுந்தேன்.

அவள் போர்ட் பிளேருக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. இங்கே வேலைக்கு வந்த பலரைப் போல நானும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, ஜங்லிகாட் பகுதியில் ஒற்றை அறையில் இருபது வருஷம் தள்ளியவன். வருஷத்துக்கு ஒருமுறை கப்பலேறிப் போய், கொஞ்ச நாள் அப்பாவாக இருந்துவிட்டுத் திரும்புவேன். இப்போதுதான் மரைன் ஹில்லில் குவார்ட்டர்ஸ் கிடைத்து, மனைவி வைஜெயந்தியையும் மகளையும் அழைத்து வந்திருந்தேன்.

கூட வேலை பார்க்கும் முருகையாவின் மகனுக்கு மெயின்லேண்டில் மெடிக்கல் சீட் கிடைத்த நாளிலிருந்து எனக்கு டீ இறங்கவில்லை. என் மகளும் டாக்டர்தான் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டேன். மகளிடம் சொன்னேனா என்று கேட்காதீர்கள். முக்கியமானவர்களுக்கெல்லாம் முதலில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

சயின்ஸா, காமர்ஸா, ஹியூமானிட்டிஸா என்று அவளையே கேட்கச் சொன்னார் மேடம். ஒரு தடவை கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் இந்த வருஷம் மாற்ற முடியாது என்றும் சொன்னார். கேட்டேன். தமிழரசி அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி கடகடவென்று ஆரம்பித்தாள்.

“சயின்ஸ் வேணாம்ப்பா. பத்தாவதுல அது புரியாம எத்தனை ராத்திரி அழுதிருக்கேன், உங்களுக்குத் தெரியாது. நீங்க இங்க இருந்தீங்க. எனக்கு ஹிஸ்டரி, ஜியாக்ரஃபின்னா உசுரு. கப்பல்ல வரும்போதுகூட மேப்பை வெச்சுக்கிட்டே வந்தேன், அம்மாவைக் கேளுங்க. ஹியூமானிட்டிஸ் போடச் சொல்லுங்கப்பா.”

அவள் பேசி முடிக்கும்வரை மேடம் கண்ணெடுக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாஷை புரியாதவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். வந்த புதிதில் நானும் எல்லார் முகத்தையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

‘நீங்க இங்க இருந்தீங்க’ என்றது சுருக்கென்று தைத்தது. நல்ல அப்பாவாக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, மகள் பயாலஜி எடுத்து டாக்டராகித் தீவு மக்களுக்குச் சேவை செய்ய ஆசைப்படுகிறாள் என்று ஹிந்தியில் அளந்தேன். அந்தச் சேவை என் சொந்தச் சரக்கு.

மேடம் புருவத்தை உயர்த்தினார். இவ்வளவு நேரம் பேசினாளே, இதைத்தான் சொன்னாளா என்று கேட்டார். தமிழில் சின்ன விஷயத்தைக்கூட நீட்டித்தான் சொல்ல வேண்டும் மேடம் என்றேன். கூசாமல் பழியைத் தாய்மொழி தலையில் கட்டினேன்.

அவர் விடவில்லை. பிள்ளை முகம் வாடியிருக்கிறது ஒச்சப்பன் ஜி, ஹியூமானிட்டிஸில் நிறைய இடம் இருக்கிறது, அவளுக்குச் சம்மதம்தானா என்று இன்னொரு தடவை கேளுங்கள் என்றார்.

நான் மகள் பக்கம் திரும்பினேன். “ஹியூமானிட்டிஸ்ல சீட்டெல்லாம் முடிஞ்சுபோச்சாம்டா. சயின்ஸ்லதான் இருக்காம். உன்னைப் பாத்தா டாக்டர் களை இருக்குன்னு மேடமே சொல்றாங்க.”

தமிழரசி குனிந்து துப்பட்டா நுனியைச் சுருட்டினாள். கண் நிறைந்துவிட்டது.

“அப்ப சரிப்பா. உங்களுக்காகப் படிக்கிறேன்.”

கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினேன். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. ஆனந்தக் கண்ணீர் மேடம், அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை என்று அதையும் ஹிந்தியாக்கிக் கொடுத்தேன்.

மேடம் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பித் தட்ட ஆரம்பித்தார். நான் சாய்ந்து உட்கார்ந்தேன். கிரேன்காரர்களிடம் திட்டு வாங்கிக் கற்ற ஹிந்தி ஒரு டாக்டரையே உண்டாக்கிவிட்டது என்று நினைக்கப் பெருமையாகக்கூட இருந்தது. நாளைக்கு முருகையாவிடம் இதை எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

தட்டி முடித்த மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை. எட்டி தமிழரசியின் கையைப் பிடித்துக்கொண்டு, மார்க்கெட்டில் நான் தினமும் கேட்கிற அதே தமிழில் சொன்னார்.

“ஹியூமானிட்டிஸ்லயே போட்டுட்டேன்மா, அப்பாவுக்குப் புரியலைன்னா நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லு.”