சிறுத்தைகளின் நேரம்

பகலில் மனிதர்களுக்கு, ஆறு மணிக்கு மேல் சிறுத்தைகளுக்கு என்று பூங்காவைப் பிரித்திருந்தார்கள். உள்ளே போகிறவர்களுக்குக் கையில் ஒரு பட்டை கட்டுவார்கள். மாலையில் எல்லாப் பட்டைகளும் வெளியே வந்ததும் கேட் பூட்டிக்கொள்ளும், கூண்டுகள் திறக்கும்.

முகம் கழுவப் போன தமயந்தி, நனையக் கூடாதென்று தன் பட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்திருந்தாள். வாசலில் விற்கும் சுண்டல் தீர்ந்துவிடுமே என்று, புத்திகெட்ட நான் இரண்டு பட்டைகளோடும் வெளியே வந்தேன். பின்னால் கேட் பூட்டிக்கொண்டது.

"என் வொய்ஃப் உள்ளே இருக்காங்க! திறங்க!"

காவலாளி திரையைக் காட்டினார். "உள்ளே ஆளே இல்லைன்னு காட்டுது சார். இனி காலையிலதான் திறக்கும்."

"தமயந்தீ!" என்று கத்தினேன்.

அவர் என் வாயைப் பொத்தினார். "கத்தாதீங்க சார். சத்தம் கேட்டா அது வந்துடும்."

கல்யாணமான நாளிலிருந்து 'என்னங்க' என்று மட்டுமே கூப்பிட்டவள், உள்ளேயிருந்து என் பெயரைச் சொல்லி அலறத் தொடங்கினாள்.