பிடிக்கல

வறண்டு கிடந்த அவலாஞ்சி ஓடைக்குப் பல வருடம் கழித்துத் தண்ணீரும் ட்ரௌட் மீனும் திரும்பியிருந்தன. ஆனால் ஓடை தேறும்வரை மீன் பிடிக்கத் தடை. வெளியேறும் வழியில் நின்ற கம்பம் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்கும். பதிலில் பொய் தட்டுப்பட்டால் மலையே அதிர அலறும்.

சாலமனுக்கு மீன் என்றால் உயிர். காலையிலிருந்து தூண்டில் போட்டும் அவருக்கு ஒன்றும் சிக்கவில்லை. மீன் வாடையே ஆகாத மனைவி எஸ்தர் சும்மா அவர் தூண்டிலை வாங்கிப் போட்டாள்; முழங்கை நீளத்துக்கு ஒன்று மாட்டியது. அதைக் கூடையில் ஒளித்துக்கொண்டு கிளம்பினார்கள்.

"மீன் பிடிச்சீங்களா?" என்றது கம்பம்.

"பிடிக்கல" என்றாள் எஸ்தர். கம்பம் சத்தமில்லாமல் வழிவிட்டது.

சாலமன் வாயைப் பிளந்தார். "எப்படிடி?"

"எனக்குத்தான் மீனே பிடிக்காதே. அதை நெனச்சுக்கிட்டுச் சொன்னேன்."

சாலமன் கண்ணை மூடி, 'எனக்கு மீன் பிடிக்காது, பிடிக்கவே பிடிக்காது' என்று மனதுக்குள் உருப்போட்டபடி கம்பத்தின் முன் நின்றார்.

"மீன் பிடிச்சீங்களா?"

"பிடிக்கல."

கம்பம் அலறியது. காவலர்கள் ஓடி வந்தார்கள்.

எஸ்தர் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, நீங்க எதுக்குங்க நெனச்சீங்க? நீங்கதான் நெசமாவே பிடிக்கலையே!"