மருமகள் போட்ட கீறல்

"பாருங்க, என் மருமக பண்ணின வேலையை!" என்று பக்கத்து சீட்டுக்காரி மணிக்கட்டை நீட்டியதும், தையல்காரம்மாவுக்கு பஸ் பயணம் இனிக்க ஆரம்பித்தது. சிவப்பாக, நீளமாக ஒரு நகக்கீறல்.

"அடிப்பாவி! மாமியாரையா பிறாண்டினா?"

"பிறாண்டினது மட்டுமா? கையை வெடுக்குன்னு தட்டியும் விட்டா."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"பெருசா ஒண்ணுமில்ல. நறுக்குன்னு ஒரு கிள்ளு."

தையல்காரம்மா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். "பையன் ஒண்ணும் கேக்கலையா?"

"போன்ல சொன்னேன். அழுதுட்டான்."

"நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறான், பாவம். நீங்க என்னடான்னா சிரிக்கிறீங்க!"

"சிரிக்காம என்ன செய்ய? வண்டியிலேருந்து விழுந்து தலையில பலத்த அடிங்க அவளுக்கு. மூளைக்குள்ள ரத்தக்கசிவு. ஆபரேஷன் பண்ணியும் மரக்கட்டை மாதிரி கிடந்தா. டாக்டர் தினமும் தோளைக் கிள்ளிப் பார்ப்பார், அசையவே மாட்டா. இன்னைக்கு யாரும் பார்க்காதப்போ நானே கிள்ளினேன். கை நேரா வந்து பிறாண்டிடுச்சு! அப்புறம் டாக்டரும் கிள்ளிப் பார்த்துட்டு, 'வலிக்கிற இடத்தைத் தேடிக் கை வருதும்மா, நல்ல அறிகுறி'ன்னார். பின்னே? நான் கிள்ளினா சும்மா விடுவாளா? என் மருமகளாச்சே!"

தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து களிம்பை எடுத்து நீட்டினாள்.

மாமியார் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ, வேண்டாங்க! ஆறிடப் போகுது. சாயங்காலம் பையன் வேலை முடிஞ்சு வருவான். அவன் பார்க்கணும்."