விளக்கெரியும் மாடிகள்

அந்தி வெளிச்சம் ஒன்பதாவது மாடியின் வெறுந்தரையில் நீளமாகக் கிடக்கிறது. நாற்காலிச் சக்கரங்கள் தேய்த்த தடங்கள் மட்டும் மிச்சம். துப்புரவுக்காரி ஈரத் துணியும் கையுமாக நிற்கிறாள். "கடைசி மேசையும் இறங்கிடுச்சு அக்கா. எட்டாவது மாடிக்காரங்களும் கிளம்பறாங்களாம்" என்று லிஃப்டுக்குள்ளிருந்தே சொல்லிவிட்டுப் போகிறான் காவலாளி. பலரிடமும் சிறுகச் சிறுகப் பணம் வாங்கி இந்தக் கட்டடத்தை வாங்கிய டிரஸ்டில் அவளுக்கும் இருநூறு யூனிட் பங்கு இருக்கிறது. வாடகை வந்தால்தான் அவள் பங்கும் வரும். எத்தனையோ இடமிருக்க, தினமும் தன் கையால் துடைக்கிற கட்டடமாயிற்றே என்றுதான் கணவரின் ஓய்வுப் பணம் மொத்தத்தையும் இதில் போட வைத்தாள்.

கண்ணாடிக்கு அப்பால், எதிர்ச்சாரி பஸ் நிறுத்தத்தில் அவர் அண்ணாந்து நிற்கிறார். அவளை அழைத்துப்போக வரும்போதெல்லாம் விளக்கெரியும் மாடிகளை எண்ணுவது அவர் வழக்கம். அவள் சட்டென்று சுவரோரம் ஒதுங்குகிறாள். சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டுகிறாள். காலி மாடி முழுக்க வெளிச்சம் கொட்டுகிறது. கைப்பேசி அடிக்கிறது.

"எல்லா மாடியும் எரியுது. நம்ம கட்டடம் ஜோரா இருக்குல்ல?"

"ஆமாங்க" என்கிறாள். அந்த வெற்று மாடி அதை இன்னொரு தடவை சொல்கிறது.