சிலந்தியும் பொட்டுக்கடலையும்

பேருந்து நிறுத்தத்துக் கூரையில் ஒரு சிலந்தி இருந்தாள். இருந்தாள் என்று சொல்வதே தப்பு, அங்குமிங்கும் ஓடிக்கொண்டே இருந்தாள். வலையின் மேல் முனை இரண்டையும் கூரைக் கம்பியில் கட்டியாயிற்று. கீழ் முனையைக் கட்டத்தான் ஒன்றும் அகப்படவில்லை.

காலையில் யாருடைய குடையிலோ கட்டினாள். பேருந்து வந்தது, குடை ஏறியது, வலையும் கூடவே போயிற்று. மத்தியானம் ஒரு கீரைக்கூடையில் கட்டினாள். அதுவும் போயிற்று. இப்போது வயிற்றில் இன்னும் ஒரு வலைக்குத்தான் நூல் மிச்சம். இதுவும் போனால் பட்டினிதான்.

“என்ன தங்கச்சி, நீயும் டிக்கெட் எடுத்துட்டு ஏறிரேன்,” என்றான் விளக்கடியிலிருந்த பல்லி.

“சும்மா இருங்கண்ணே, இங்கே உசிரு போகுது.”

மறுபடி ஓடினாள், நின்றாள், கீழே எட்டிப் பார்த்தாள். எல்லாமே கிளம்பப்போகிற கால்கள். “இழுத்துப் பிடிக்கத்தானே ஒண்ணு வேணும்?” என்று முணுமுணுத்தவள், சரசரவென்று நூலில் இறங்கினாள். யாரோ சிந்திய பொட்டுக்கடலை ஒன்றை நூல்முனையில் கட்டி, ஆட்களின் தலைக்கு மேலே தூக்கித் தொங்கவிட்டாள். வலை விறைப்பாக நின்றது.

“சிலந்தி கடலை வியாபாரத்துல இறங்கிட்டா!” என்று பல்லி விழுந்து விழுந்து சிரித்தான்.

பேருந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. கடலை ஆடியது, வலையும் ஆடியது, ரெண்டும் பழையபடி நின்றன. வலையில் ஒரு கொசு.

பல்லி சிரிப்பை நிறுத்திவிட்டு ஓரத்துக்கு ஊர்ந்து வந்தான். “ஏ தங்கச்சி, கடலைக்குக் கீழே அப்படி எதுலதான் கட்டினே?”

“எதுலயும் கட்டலைண்ணே,” என்றாள் அவள், வாய் நிறையக் கொசுவோடு.